வட்டமும் பெருக்கலும்

மீன் வந்திறங்கிய தெர்மாகோல் பெட்டி.
மூன்று முறை கழுவியும் வாடை போகவில்லை.
நாற்பது வாட் பல்பு, தட்டில் தண்ணீர்,
நர்ஸ் ஸெனோபியா இரவல் தந்த வெப்பமானி.
மூடியில் நான் வெட்டிய ஓட்டைக்கு
வால்தெர் தன் மினிபஸ்ஸின்
உடைந்த கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டினான்.
எங்கள் கோழிக்கு இறகில்லை, கொக்கரிப்பில்லை,
கண் மட்டும் உண்டு.

இருபத்துநான்கு முட்டை.
பன்னிரண்டு இந்த எல் ஆல்டோ மேட்டிலேயே இட்டவை.
பென்சிலால் வட்டம் போட்டேன்.
பன்னிரண்டு, கீழே கரனாவியிலிருந்து
ரோசெந்தோ மடியில் வைத்து
ஏழு மணி நேரம் பஸ்ஸில் கொண்டுவந்தவை.
அவற்றுக்குப் பெருக்கல் குறி.

ரோசெந்தோ எங்கள் மாடியறைக் குடித்தனக்காரன்.
வந்த வாரம் முழுக்க மூக்கில் ரத்தம்.
படிக்கட்டு பதினாலு படி;
ஏழாவதில் நின்று
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிவான்.
நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

சந்தையில் குஞ்சு விற்கும் பாசிலியா
பெட்டிக்குள் பார்த்ததுமே சொன்னாள்:
"கீழ்நாட்டு முட்டை இங்கே பொரியாது.
ஓட்டில் துளை அதிகம்.
உள்ளிருக்கும் ஈரமெல்லாம் ஓடிவிடும்,
வரவேண்டிய மூச்சு வந்து சேராது.
நம்ம கோழிக்குத் தெரியும்,
துளையைக் குறைத்துத்தான் ஓடு கட்டும்."
ரோசெந்தோ அப்போது படியில் இருந்தான்.
எத்தனையாவதில் என்று நான் பார்க்கவில்லை.

எனக்கு ரொட்டிக்கடையில் இரவு வேலை.
விடிகாலை நாலரைக்கு வந்து,
மாவு போகக் கை கழுவி
(மாவும் மூச்சை அடைக்கும்)
முட்டைகளைப் புரட்டுவேன்.
மதியம் ரோசெந்தோ.
இரவு வால்தெர், ஞாபகம் இருந்தால்.
குறி கீழே போன நேரங்களில்
எது எந்த ஊர் முட்டை என்று
பல்புக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஏழாம் நாள் அறையை இருட்டாக்கி
செல்போன் டார்ச்சை முட்டைக்கடியில் பிடித்தோம்.
சிவப்பு நரம்பு, சிலந்தி பின்னியதுபோல்.
நடுவில் ஒரு கடுகு துடித்தது.
கூமுட்டை ஐந்து:
மூன்று வட்டம், இரண்டு பெருக்கல்.
இந்தக் கணக்கை ரோசெந்தோ
இரண்டு முறை உரக்கச் சொன்னான்.

பதிமூன்றாம் இரவு மின்சாரம் போயிற்று.
இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
சட்டென்று ஆறியும் போகும்.
நான் வீடு வந்தபோது
சோடா பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி,
பெட்டியை என் கல்யாணப் போர்வையால் சுற்றி,
இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம்
சாய்ந்து தூங்கியிருந்தார்கள்.
வெப்பமானியில் முப்பத்தைந்து.
திட்டுவதா வேண்டாமா என்று யோசித்து
ரொட்டியைப் பிய்த்து வைத்தேன்.

பதினெட்டுக்குப் பிறகு புரட்டக் கூடாது.
ஈரத்துணி ஒன்று கூடுதலாய் வைத்து மூடினோம்.

இருபத்தொன்றாம் நாள் வட்டங்கள் பேசின.
ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சு,
பிறகு விரிசல், பிறகு அலகு.
சாயங்காலத்துக்குள் ஏழு,
நனைந்த பஞ்சுபோல் ஒன்றன்மேல் ஒன்று.
பெருக்கல் குறி பத்தும் அசையவில்லை.

மறுநாள், அவற்றில் ஒன்றில்
பருப்பளவு ஓட்டை.
அலகு தெரிந்தது. அப்படியே நின்றது.
ரோசெந்தோ புருவமுள் எடுக்கும் இடுக்கியோடு வந்தான்.
"உரித்தால் ரத்தம் வரும்" என்றேன்.
"விட்டால் செத்துவிடும்" என்றான்.
இரண்டும் உண்மைதான்.
இடுக்கியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வேலைக்குப் போனேன்.
அன்று பிசைந்த மாவில்
உப்பைப் போட்டேனா என்பது
இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

நாலரைக்குக் கதவைத் திறந்தேன்.
விளக்கைப் போடவில்லை யாரும்.
கண்ணாடித் துண்டுக்குப் பின்னால்
பெருக்கல் குறி சரிபாதியாய் உடைந்து கிடந்தது.

பொரியாத பதினொன்றை
கொல்லையில் புதைத்தான் வால்தெர்.
ஒரு குஞ்சுக்குக் கால் விரிந்திருந்தது,
பிளாஸ்திரி ஒட்டினேன்.
இரண்டு நாளில் எட்டும் உலர்ந்து, ஒரே மஞ்சளாகி,
ஒரே தட்டில் முட்டி மோதித் தின்றன.

"இதில் உங்க ஊர்க்காரன் எது?" என்று கேட்டேன்.
ரோசெந்தோ எட்டையும் பார்த்தான்.
பிறகு செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தான்.
வெறுங்காலோடு இருந்தான்.